சந்தியாகப்பர் பாதை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வடக்கு ஸ்பெயினில் ஊர் ஊராக நடந்து சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலா பேராலயத்துக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதை பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: இயேசுவின் சீடர் சந்தியாகப்பரின் கல்லறை அந்த ஊரில் இருப்பதாக 9-ஆம் நூற்றாண்டிலிருந்து நம்பி வருகிறார்கள். தங்கச்சிமடத்தில் ஜூலையில் திருவிழா எடுக்கிறார்களே, அதே சந்தியாகப்பர்தான். பாதைகள் பல உண்டு. அதிகம் பேர் நடப்பது பிரெஞ்சு வழி. பிரான்ஸ் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் சான் ழான் பியே தெ போர் என்ற சின்ன ஊரில் தொடங்கி, பிரனீஸ் மலையைத் தாண்டி, சுமார் 780 கிலோமீட்டர். பொதுவாக எல்லாரும் காமினோ என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். நிறையக் கடிதங்கள் வந்தன, ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: நானும் மனைவியும் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். சேர்ந்தாற்போல் 12 நாள் லீவு கிடைத்தாலே பெரிய விஷயம். கடைசி 100 கிலோமீட்டர் மட்டும் நடந்தால் போதும் என்கிறார்கள். இல்லை, பஸ்ஸில் தாவித் தாவி முக்கியமான இடங்களை மட்டும் நடந்துவிட்டு வரலாமா? - கோயம்புத்தூர் வாசகர்

பதில்: தாவ வேண்டாம். எங்கேயாவது ஓர் இடத்தில் தொடங்குங்கள், அங்கிருந்து விடாமல் நடங்கள். தினமும் காலையில் எழுந்து நேற்று நிறுத்திய இடத்திலிருந்து புறப்படுவதுதான் இந்தப் பயணமே. அதை வெட்டி வெட்டிச் செய்தால் அது சுற்றுலா ஆகிவிடும். சுற்றுலா போக ஸ்பெயினில் இதைவிட வசதியான இடங்கள் நிறைய இருக்கின்றன.

12 நாளில் போக வர மூன்று நாளைக் கழித்துவிடுங்கள். மிச்சம் ஒன்பது. சாரியா என்ற ஊரிலிருந்து தொடங்கினால் சாந்தியாகோவுக்கு 115 கிலோமீட்டர். யாத்திரைச் சான்றிதழுக்குக் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும் என்பதால், எல்லாப் பாதைகளையும் சேர்த்துப் பார்த்தாலும் அதிகம் பேர் தொடங்கும் ஊர் இதுதான். வழக்கமாக இதை ஐந்து நாளில் முடிப்பார்கள்: முதல் நாள் போர்த்தோமரீன் 22 கிலோமீட்டர், அப்புறம் பலாஸ் தெ ரேய் 25, அர்சூவா 29, ஓ பெத்ரூசோ 19, கடைசி நாள் 20. கையேடுகளில் இருப்பது இந்தக் கணக்குதான், சுற்றுலா நிறுவனங்கள் விற்பதும் இதையேதான்.

நான் சொல்வது, இதை ஏழு நாளாக்குங்கள். அந்த 29 கிலோமீட்டரை மெலீதே என்ற ஊரில் இரண்டாக உடையுங்கள். போர்த்தோமரீனுக்கு அடுத்த நாளையும் நடுவில் ஏதாவது ஒரு குக்கிராமத்தில் உடைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்றால், ஒரு நாளைக்கு 25, 30 என்று நடக்கிறவர்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து குளித்து, துணி துவைத்து, காலைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். ஊரைப் பார்ப்பதே இல்லை. போர்த்தோமரீனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களில் மீன்யோ ஆற்றில் அணை கட்டியபோது பழைய ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. அதற்கு முன்பே ஊர்க்காரர்கள் தங்கள் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி கட்டினார்கள். எந்தக் கல் எங்கே என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் எண் போட்டார்கள். பக்கத்தில் போய் நின்று பார்த்தால் சில கற்களில் அந்த எண் இன்னும் தெரிகிறது. கோட்டை மாதிரி உயர்ந்து நிற்கும் சுவர், அதன் கீழ்வரிசையில் கையால் எழுதிய எண்கள். அணையில் தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய ஊரின் சுவர்களும் தலை காட்டும். இவ்வளவும் தங்குமிடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அன்று 22 கிலோமீட்டர் நடந்தவருக்குத் தெம்பு இருந்தால் பார்ப்பார்.

இன்னொன்று. சாரியாவில் கூட்டம் அதிகம், பள்ளிப் பிள்ளைகளும் வகுப்பு வகுப்பாக வருவார்கள். கூட்டம் பிடிக்காது என்றால் வடக்கே பெர்ரோல் துறைமுகத்திலிருந்து வரும் ஆங்கிலேயர் வழியைப் பாருங்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்து, அயர்லாந்து பக்கத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள் நடந்த பாதை அது, சான்றிதழுக்கு வேண்டிய தூரமும் இருக்கிறது. ஏற்ற இறக்கம் கொஞ்சம் அதிகம், ஆள் நடமாட்டம் குறைவு. போர்ச்சுகல் எல்லையில் தூய் என்ற ஊரிலிருந்து வந்தாலும் 115 சொச்சம்தான். உங்கள் இருவருக்கும் நான் பெர்ரோலைத்தான் சொல்வேன்.

கேள்வி: வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறேன். செருப்பு போடுவதில்லை. எனக்கு இது பெரிய விஷயமாக இருக்காது என்று நினைக்கிறேன், சரிதானே? - காரைக்குடி வாசகர்

பதில்: உடம்பைப் பொறுத்தவரை நீங்கள் ஐரோப்பியர் பலரைவிடத் தயாராக இருக்கிறீர்கள், அதில் சந்தேகமே இல்லை. நாலாவது நாள் கால் என்ன சொல்லும், அதை எப்படிச் சமாளிப்பது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அது பெரிய சொத்து.

ஆனால் மூன்று விஷயம் வேறு. ஒன்று, முதுகில் பை. பழனிக்குப் போகும்போது வேனில் சாமான் வரும், வழியெல்லாம் பந்தல் போட்டு மோரும் சாப்பாடும் கொடுப்பார்கள். இங்கே உங்கள் துணி, படுக்கைப்பை, மழைக்கோட்டு எல்லாவற்றையும் நீங்களே தூக்க வேண்டும். உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது. 70 கிலோ ஆளுக்கு ஏழு கிலோ, தண்ணீரையும் சேர்த்து. அந்தப் பையோடு இங்கேயே சில வாரம் நடந்து பழகிவிட்டுப் போங்கள்.

இரண்டு, மலை. பிரெஞ்சு வழியில் முதல் நாளே 25 கிலோமீட்டர், சுமார் 1,250 மீட்டர் ஏற்றம், அப்புறம் ரொன்செஸ்வாயெஸ் மடத்துக்குச் செங்குத்தான இறக்கம். ஏப்ரலில்கூட மேலே பனி பெய்யலாம். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அந்த மலைப்பாதையை மூடியே விடுகிறார்கள், பள்ளத்தாக்கு வழியாகத்தான் போக வேண்டும். ஏறத்தாழ எட்டாவது கிலோமீட்டரில் ஓரிஸ்ஸோன் என்ற இடத்தில் ஒரு தங்குமிடம் இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டு முதல் நாள் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முதல் நாள் வீறாப்பில் முழு மலையையும் ஏறி இறங்கி, அதில் முட்டி போய், பம்ப்லோனாவில் ரயிலேறித் திரும்பியவர்கள் உண்டு.

மூன்று, வெறுங்கால். அங்கே வேண்டாம். சரளைக்கல், உடைந்த பாறை, குளிர்ந்த சேறு என்று மாறி மாறி வரும். நேர்த்தி என்றால் சாந்தியாகோவுக்குள் நுழையும் கடைசி நாளில் கொஞ்ச தூரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்னதானத்துக்கு நிகராக ஒன்றும் இல்லாமல் இல்லை. பங்குக் கோயில்கள் நடத்தும் சில விடுதிகளில் கட்டணம் கிடையாது, உண்டியலில் முடிந்ததைப் போட வேண்டும். ராத்திரி எல்லாரும் சேர்ந்து காய் நறுக்கி, சமைத்து, ஒரே மேஜையில் சாப்பிட்டு, பாத்திரமும் சேர்ந்தே கழுவுவார்கள். உங்களுக்கு மிகவும் பிடிக்கும். உண்டியலில் மட்டும் தாராளமாகப் போடுங்கள், அடுத்த நாள் வருகிறவர்களின் சாப்பாடு அதில்தான்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஸ்பெயின் என்றாலே பன்றி இறைச்சிதான் என்கிறார்கள். பட்டினி கிடக்க வேண்டியதுதானா? - சென்னை வாசகி

பதில்: பட்டினி இல்லை, ஆனால் முட்டையும் இல்லை என்றால் கொஞ்சம் பாடுபட வேண்டும். ஊருக்கு ஊர் உணவுக்கடையில் சைவம் என்று முதலில் நீட்டுவது உருளைக்கிழங்குத் தோர்த்தியா, அது முழுக்க முட்டை. கலவை சாலட் கேட்டால் மேலே சூரை மீன் தூவி வரும், அங்கே அதை யாரும் மாமிசமாக எண்ணுவதில்லை. பருப்பு சூப், பயறு சூப் பார்க்க நம் சாம்பார் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே பன்றித் துண்டோ கொழுப்போ கிடக்கும். சாந்தியாகோ இருக்கும் கலீசியா பகுதியின் கீரை சூப்பும் அப்படியே. அதனால் "சைவம்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், பன்றித் துண்டும் வேண்டாம் என்று நாலையும் ஸ்பானிஷில் ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நம்பிச் சாப்பிடக் கூடியவை: காலையில் சுட்ட ரொட்டியில் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும், பழம், பாலாடைக்கட்டி, பொரித்த உருளைக்கிழங்கு, கலீசியாவில் பத்ரோன் குடைமிளகாய். அந்தக் கடைசி ஐட்டத்தை அவசியம் சாப்பிடுங்கள். சின்னச் சின்னப் பச்சை மிளகாய்களை எண்ணெயில் தோல் கொப்பளிக்கப் பொரித்து, கல் உப்பு தூவித் தட்டில் குவித்துத் தருவார்கள். காரம் இருக்காது, எப்போதாவது ஒன்று சுரீரென்று பிடிக்கும்.

மற்றபடி சமைத்துக்கொள்வதுதான் நிம்மதி. விடுதிகள் பலவற்றில் அடுப்படி உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் வேகவைத்த கொண்டைக்கடலையும் பருப்பும் கண்ணாடிப் பாட்டிலில் கிடைக்கும். ஒரு பாட்டில் பருப்பு, ஒரு தக்காளி, ரசப்பொடி இருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பொடி வகைகளைக் கொண்டு போங்கள். நெய், பால்கோவா, மற்ற பால் பலகாரங்களை எடுத்துப் போகாதீர்கள், வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சிப் பொருளும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. கலீசியாவில் அரசு விடுதிகளின் அடுப்படி பளபளவென்று இருக்கும், ஆனால் பல இடங்களில் ஒரு சட்டிகூட இருக்காது. இலேசான அலுமினியப் பாத்திரம் ஒன்று பையில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

கேள்வி: இந்து ஒருவர் இந்த யாத்திரை போகலாமா? சான்றிதழ் தருவார்களா? - தஞ்சாவூர் வாசகர்

பதில்: தாராளமாகப் போகலாம். கிரெடென்சியால் என்ற யாத்ரீகர் அட்டையை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வழியில் விடுதி, கோயில், காபிக்கடை என்று அதில் முத்திரை வாங்கிக்கொண்டே போக வேண்டும், கடைசி 100 கிலோமீட்டரில் ஒரு நாளைக்கு இரண்டாவது வேண்டும். கடைசியில் யாத்ரீகர் அலுவலகத்தில் எதற்காக நடந்தீர்கள் என்று கேட்பார்கள். சமயம், ஆன்மிகம் என்றால் லத்தீனில் எழுதிய கொம்போஸ்தேலா கிடைக்கும். ஆன்மிகத் தேடல் என்று சொல்ல எந்த மதமும் தடையில்லை. வெறும் நடை, உடற்பயிற்சி என்றால் வேறொரு சான்றிதழ் தருவார்கள், அதுவும் அழகாகத்தான் இருக்கும். உள்ளதைச் சொல்லுங்கள். பேராலயத்தில் திருப்பலிப் பூசையில் உட்காரலாம், அதில் தரும் நற்கருணை அப்பம் மட்டும் கத்தோலிக்கர்களுக்கானது. முதுகுப்பையோடு உள்ளே விடமாட்டார்கள், வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

கேள்வி: எனக்கு 67 வயது. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வலது முட்டி இறக்கத்தில் வலிக்கும். பிள்ளைகள் வேண்டாம் என்கிறார்கள். ஆசை விடவில்லை. - திருச்சி வாசகர்

பதில்: 67 அங்கே ஒரு வயதே இல்லை ஐயா, எழுபதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் நடக்கிறார்கள். பிள்ளைகள் கவலைப்படுவது நியாயம்தான், அதனால் அவர்களையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போய் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா? சர்க்கரைக்காரர்களுக்கு ஆபத்து களைப்பில் இல்லை, கொப்புளத்தில் இருக்கிறது. சாதாரண ஆளுக்குக் கொப்புளம் வருவதற்கு முன்னால் சுரீரென்று ஒரு சூடு தெரியும், உடனே உட்கார்ந்து டேப் ஒட்டிவிடுவார். உணர்ச்சி குறைந்த காலில் அந்தச் சூடு தெரியாது, ராத்திரி காலுறையைக் கழற்றும்போதுதான் புண் தெரியும். டாக்டர் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று சொன்னால் நீண்ட நடை வேண்டாம். ஆசைக்காகக் காலைப் பணயம் வைக்காதீர்கள்.

சரியாக இருக்கிறது என்றால் போங்கள். ஆனால் உங்கள் வழி வேறு, நாளுக்கு 12 கிலோமீட்டர், அதிகம் போனால் 15. பையைத் தூக்க வேண்டாம். ஒரு தங்குமிடத்திலிருந்து அடுத்த தங்குமிடத்துக்கு வேனில் பையைக் கொண்டு சேர்க்கும் சேவை இருக்கிறது, ஒரு கட்டத்துக்குச் சில யூரோதான். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை, மத்திய காலத்தில் வசதி இருந்தவர்கள் குதிரையில்கூடப் போயிருக்கிறார்கள். மாத்திரை, குளுக்கோஸ், டாக்டர் கடிதம் மூன்றையும் வேனில் போகும் பையில் வைக்காதீர்கள், தோளில் மாட்டும் சின்னப் பையில் வையுங்கள். கடிதத்தில் மருந்தின் கம்பெனிப் பெயர் போதாது, மூலப்பெயரும் இருக்க வேண்டும். பச்சைச் சிலுவை விளக்கு எரியும் இடம் மருந்துக்கடை.

முட்டிக்கு இரண்டு ஊன்றுகோல். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இறக்கத்தில் கோலைச் சற்று நீட்டி முன்னால் ஊன்றி, எடையைக் கைக்கு மாற்றி, சின்னச் சின்ன எட்டாக இறங்க வேண்டும். பிரெஞ்சு வழியில் முட்டியைப் பதம் பார்க்கும் இறக்கங்கள் சுபீரி ஊருக்கு முன்னால் ஒன்று, பெர்தோன் மேட்டில் காற்றாலைகளைத் தாண்டியதும் உருளும் கல்லோடு ஒன்று, இரும்புச் சிலுவை நிற்கும் மேட்டைக் கடந்து மொலினசேக்கா ஊருக்கு இறங்குவது ஒன்று. சாரியாவிலிருந்து தொடங்கினால் இந்த மூன்றும் வராது. போர்த்தோமரீனுக்குள் இறங்கும் இடம் மட்டும் கொஞ்சம் செங்குத்து, மெதுவாகப் போங்கள்.

கேள்வி: தனியாகப் போக விரும்பும் பெண் நான், வயது 41. உண்மையைச் சொல்லுங்கள், பாதுகாப்பானதா? - சிங்கப்பூர் வாசகி

பதில்: அண்மை ஆண்டுகளில் நடப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், அதில் தனியாக வருபவர்கள் ஏராளம். பெரும்பாலானவர்கள் ஒரு கசப்பும் இல்லாமல் போய் வருகிறார்கள். அதே நேரம் ஆபத்தே இல்லை என்று எழுதுவது பொய். 2015-ல் அஸ்தோர்கா அருகே தனியாக நடந்த ஒரு பெண் யாத்ரீகர் கொலை செய்யப்பட்டார். ஆள் இல்லாத இடத்தில் ஆண்கள் அசிங்கமாக நடந்துகொண்ட புகார்களும் உண்டு.

இருட்டில் தனியாகப் புறப்படாதீர்கள். வெயிலுக்குப் பயந்து ஐந்து மணிக்கே கிளம்பும் பழக்கம் அங்கே நிறையப் பேருக்கு உண்டு, அப்போது யாருடனாவது சேர்ந்துகொள்ளுங்கள். கூட வரலாமா என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை, காமினோவில் அது சகஜம். யாராவது பாதையை விட்டு விலகிக் குறுக்கு வழி காட்டினால் போகாதீர்கள். அவசர எண் 112. ஸ்பெயின் உள்துறை அமைச்சகத்தின் அலர்ட்காப்ஸ் என்ற செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், ஒரு பொத்தானில் நீங்கள் இருக்கும் இடம் போலீசுக்குப் போய்விடும். ஏதாவது நடந்தால், அது சின்ன விஷயமாகத் தோன்றினாலும், புகார் கொடுங்கள். பின்னால் வரும் பெண்களுக்காகவாவது கொடுங்கள். அப்புறம், தைரியமாகப் போய் வாருங்கள்.

கேள்வி: செலவு எவ்வளவு ஆகும்? விசா? - சேலம் வாசகர்

பதில்: விமானம் போக, விடுதியிலேயே தங்கி எளிமையாகச் சாப்பிட்டால் நாளுக்கு 40 யூரோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். அரசு, நகராட்சி விடுதியில் ஒரு படுக்கைக்கு 10 யூரோ சுமார், தனியார் விடுதியில் 15, 20 என்று போகும். ஓட்டலில் தனி அறை என்றால் இந்தக் கணக்கு செல்லாது. விசா ஷெங்கன் குறுகிய கால விசா, 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரான்ஸில் தொடங்கினாலும் அதிக நாள் ஸ்பெயினில்தான் இருப்பீர்கள், ஆகவே ஸ்பெயினுக்கே விண்ணப்பியுங்கள். விடுதிகள் பலவற்றில் முன்பதிவே கிடையாது, விசாவுக்கோ தங்குமிடச் சான்று வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் நல்ல அறையாகப் பதிவு செய்துகொண்டு, நடுவில் முன்பதிவு வாங்கும் தனியார் விடுதிகளைப் போட்டு, நாள்வாரித் திட்டம் ஒன்றை இணையுங்கள்.

கேள்வி: குறட்டை, மூட்டைப்பூச்சி? - ஈரோடு வாசகர்

பதில்: இரண்டும் உண்டு, விடுதிகளில் பலர் ஒரே அறையில் படுக்க வேண்டும். குறட்டைக்குக் காதடைப்பான், மெழுகு வகை நல்லது. மூட்டைப்பூச்சிக்கு, பையைக் கட்டில்மேல் வைப்பதற்கு முன் மெத்தையின் ஓரத் தையலையும் கட்டில் சட்டத்தின் இடுக்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளி தெரிந்தால் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு வேறு இடம் தேடுங்கள். கடி வாங்கிவிட்டால் எல்லாத் துணியையும் அதிகச் சூட்டில் உலர்த்தியில் போட வேண்டும்.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன், ஐந்து வாரம் இருக்கிறது, முழுப் பாதையும் நடக்கப் போகிறேன். நடுவில் வரும் மெசேத்தா சமவெளி ஒரே அலுப்பு, புர்கோஸிலிருந்து லெயோனுக்கு பஸ் பிடித்துவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். - டொராண்டோ வாசகர்

பதில்: பஸ் பிடிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். புர்கோஸிலிருந்து லெயோன் ஏறத்தாழ 180 கிலோமீட்டர், கோதுமை வயல், வானம், நேர்கோடாக ஒரு மண்பாதை. மலை இல்லை, காடு இல்லை, நிழலும் சில இடங்களில் அறவே இல்லை. கர்ரியோன் தெ லோஸ் கோந்தேஸ் ஊரை விட்டால் அடுத்த ஊருக்கு 17 கிலோமீட்டர், நடுவில் கிராமமே கிடையாது. பழைய ரோமானியச் சாலையின் தடத்தில் அது போகிறது, வளைவே இல்லாமல். இதைத்தான் அலுப்பு என்கிறார்கள்.

ஆனால் முதல் பத்து நாள் மலையும் காலும் கொப்புளமும் உங்களைப் பிடித்து வைத்திருக்கும், யோசிக்க நேரமே இருக்காது. மெசேத்தாவுக்கு வரும்போது உடம்பு பழகிவிட்டிருக்கும், கண்ணை இழுக்க எதிரில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் மனசு தன் பாட்டுக்கு வேலை செய்ய ஆரம்பிக்கிறது. பல வருஷமாக நினைக்காத ஆட்கள் நினைவுக்கு வருவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு போகிறீர்கள், உங்களுக்கு வேண்டியதே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பார்க்க ஒன்றும் இல்லை என்பதும் சரியில்லை. ஒந்தானாஸ் என்ற ஊர் ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. எங்கே ஊர், எங்கே ஊர் என்று தேடிக்கொண்டே சமவெளியில் நடப்பீர்கள், ஒரு விளிம்புக்கு வந்ததும் காலடியில் கோயில் கோபுரம் தெரியும், அதன் உச்சி கிட்டத்தட்ட உங்கள் கண் மட்டத்தில் இருக்கும். ஃப்ரோமிஸ்தாவில் 11-ஆம் நூற்றாண்டுக் கல்கோயில் ஒன்று, கூரை விளிம்புக்குக் கீழே சுற்றிலும் நூற்றுக்கணக்கான குட்டிச் சிற்பங்கள், மனிதத் தலை, விலங்கு, ஒன்றைப் போல் ஒன்று இல்லை. கர்ரியோனில் பங்குக் கோயில் விடுதியை நடத்தும் அருட்சகோதரிகள் மாலையில் யாத்ரீகர்களைக் கூட்டி வைத்துக் கிதார் வாசித்துப் பாடுவது வழக்கம், அவரவர் மொழியில் ஒரு பாட்டுப் பாடவும் சொல்வார்கள். ஏதாவது தயார் செய்துகொள்ளுங்கள்.

ஒரே நிபந்தனை, ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம். ஏப்ரல் கடைசியில் தொடங்கினால் வயல் பச்சையாக இருக்கும், செப்டம்பர் என்றால் அறுவடை முடிந்த பொன்னிறம். ஐந்து வாரம் என்பதும் கொஞ்சம் இறுக்கம்தான். 780-ஐ 35-ஆல் வகுத்தால் ஓய்வு நாளே இல்லாமல் தினம் 22. முடிந்தால் ஆறாவது வாரத்தைச் சேருங்கள். முடியாவிட்டால் புர்கோஸிலேயே தொடங்கி நிதானமாக நடங்கள், அங்கிருந்தும் 490 கிலோமீட்டர் இருக்கிறது.

கேள்வி: வழி தவறிவிட மாட்டோமா? இவ்வளவு தூரத்துக்கு யார் வழிகாட்டி வைத்தது? - மதுரை கல்லூரி மாணவி

பதில்: நல்ல கேள்வி, இதற்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்ப ஆசை. வழி தவறுவது கடினம். கல், சுவர், மரம், தந்திக்கம்பம், சாக்கடை விளிம்பு என்று கண்ட இடத்திலெல்லாம் மஞ்சள் அம்புக்குறி இருக்கும்.

அதைத் தொடங்கியவர் எலியாஸ் வாலீன்யா என்ற பங்குச் சாமியார். ஓ செப்ரேரோ என்ற மலை உச்சிக் கிராமத்தில் இருந்தவர். கலீசியாவுக்குள் நுழையும் இடம் அது, வைக்கோல் கூரை போட்ட வட்டமான கல்வீடுகள் இன்றும் இருக்கின்றன. பாதை வழக்கொழிந்து, பல இடங்களில் உழவுக்குள்ளும் புதருக்குள்ளும் போயிருந்தது. அவர் அதன் வரலாற்றை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர், ஆனால் ஆய்வோடு நிறுத்தவில்லை. 1984-ல் காரில் மஞ்சள் பெயிண்ட் டப்பாக்களை ஏற்றிக்கொண்டு, பிரான்ஸ் எல்லைப் பக்கத்திலிருந்து பாதை பிரியும் இடங்களிலெல்லாம் இறங்கி அம்பு வரைந்துகொண்டே வந்தார். ஊர் ஊராக ஆட்களைப் பிடித்துச் சங்கம் வைக்கச் சொன்னார். அந்தக் காலத்தில் சாந்தியாகோவில் சான்றிதழ் வாங்கியவர்கள் வருஷத்துக்கு இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 2024-ல் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர். இடையில் 1987-ல் ஐரோப்பிய மன்றம் இதைத் தன் முதல் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது, 1993-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவர் 1989-லேயே இறந்துவிட்டார், இந்தக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. ஓ செப்ரேரோ கோயில் பக்கத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். பாதையை மன்னர்களும் ஆயர்களும் உண்டாக்கினார்கள் என்று வரலாற்றில் படிக்கிறோம், ஆனால் இன்று நாம் நடப்பது இந்த மனிதர் திரும்பக் கொடுத்த பாதையில்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: பெரிய நகரங்களில் அம்பு குறைவு. புர்கோஸ், லெயோன் மாதிரி இடங்களில் நடைபாதையில் பதித்த சிப்பிச் சின்னத்தைத் தேடுங்கள், இந்த யாத்திரையின் அடையாளம் அது. அரை மணி நேரமாக எந்தக் குறியும் கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள்.

கேள்வி: 2027 புனித ஆண்டு என்று கேள்விப்பட்டேன். காத்திருந்து அப்போதே போகலாமா? - பாளையங்கோட்டை வாசகி

பதில்: சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அது புனித ஆண்டு. 2021-ல் வந்தது, கொரோனாவால் அதை 2022 வரை நீட்டினார்கள். அடுத்தது 2027, அதை விட்டால் 2032. முந்தைய டிசம்பர் 31 அன்று பேராலயத்தின் புனிதக் கதவைத் திறப்பார்கள், வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். கத்தோலிக்கராக அந்தக் கதவு வழியாக நுழைவது உங்களுக்கு முக்கியம் என்றால் காத்திருங்கள், அதற்கு ஈடு கிடையாது. ஆனால் கூட்டம் சாதாரண ஆண்டைவிட நன்றாகவே கூடும். ஜூலை 25-ஐ ஒட்டிப் போகாதீர்கள். மார்ச் கடைசியோ அக்டோபரோ பாருங்கள், கலீசியாவில் மழை பெய்யும், நல்ல மழைக்கோட்டு வேண்டும். சாந்தியாகோவில் தங்கும் அறையை மட்டும் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். கதவு நோக்கம் இல்லை, நடைதான் நோக்கம் என்றால் 2027-ஐத் தவிர்த்துவிட்டு வேறு எந்த ஆண்டிலும் போகலாம்.